‘செட் கொடுங்க’, ‘செட்டைக் கொடுங்க’: ஆங்கிலத்தின் எ, ஆன், தி பற்றி வாசகர் கேள்விகள்

சேலம் மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், ஆங்கில ஆர்ட்டிகிள்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். சேலத்திலும் ஏற்காட்டிலும் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் அளிக்கிறார். ஆங்கில வாக்கியங்கள் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

கேள்வி: நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘எ’, ‘ஆன்’, ‘தி’ ஆகியவற்றுக்கான விதிகளை மூன்று புத்தகங்களிலிருந்து எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் சொந்தமாக நான்கு வரி எழுதினால் நான்கிலும் பிழை வருகிறது. தமிழில் இல்லாத ஒன்றை நாம் எப்படித்தான் கற்றுக்கொள்வது? (வாசகி, அம்மாபேட்டை)

தமிழில் இல்லை என்று நினைப்பதிலிருந்துதான் இந்தச் சிக்கலே தொடங்குகிறது, சகோதரி. ‘தி’ என்பதற்கு ஈடான தனிச்சொல் தமிழில் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்தில் செய்கிற வேலையைத் தமிழ் செய்வதில்லை என்பது உண்மையன்று. நீங்கள் நாள்தோறும் செய்கிறீர்கள். செய்வது தெரியாமல் செய்கிறீர்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் உங்கள் தெருமுனையில் தட்டுவடை செட் போடும் வண்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். சிறிய தட்டுவடையின் மீது சட்னியைத் தடவி, துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் வெங்காயத்தையும் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து அழுத்திக் கொடுப்பார்கள். அப்போதுதான் வந்து நிற்பவர், “அண்ணா, செட் கொடுங்க” என்பார். முன்பே சொல்லிவிட்டுக் காத்திருப்பவரோ, தமக்காகத் தட்டில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, “அண்ணா, செட்டைக் கொடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்பார். முதலாமவருக்கு எந்தச் செட் கிடைத்தாலும் சரி. இரண்டாமவர் கேட்பது இன்ன செட் என்பது அவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். முதலாவதை ஆங்கிலத்தில் சொன்னால் ‘கிவ் மீ எ செட்’. இரண்டாவதைச் சொன்னால் ‘கிவ் மீ தி செட்’. இரண்டுக்கும் இடையே தமிழில் இருக்கும் வேறுபாடு ‘ஐ’ என்னும் ஓர் உருபுதான்.

பள்ளியில் ‘பால் குடித்தான்’ என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, ‘பாலைக் குடித்தான்’ என்பது விரி என்று மதிப்பெண்ணுக்காகப் படித்தோம். ‘ஐ’ என்னும் உருபு மறைந்திருந்தால் தொகை, வெளிப்பட்டிருந்தால் விரி என்பதோடு பாடம் முடிந்துவிடும். அது எப்போது மறைகிறது, எப்போது வெளிப்படுகிறது என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால், கேட்பவர் ‘என்ன புத்தகம்?’ என்பார். ‘புத்தகத்தை வாங்கிவிட்டேன்’ என்றால் அப்படிக் கேட்கமாட்டார். இருவரும் முன்பு பேசிய புத்தகம் அது என்பதை அந்த உருபே அவருக்குச் சொல்லிவிடுகிறது. ஆகவே ஆங்கிலத்தில் ஒரு பொருளைச் செயப்படுபொருளாக எழுதும் முன், அதே வாக்கியத்தை மனத்துக்குள் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘ஐ’ தானாக வந்து ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் அங்கே ‘தி’ வேண்டும். ஒட்டாமல் நின்றால், ‘எ’ வேண்டும் அல்லது ஒன்றுமே வேண்டாம்.

எழுவாயில் ‘ஐ’ வராது என்பதால் அங்கே வேறொரு குறிப்பைப் பார்க்க வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் உங்கள் பேருந்து நின்றுவிடுகிறது. ‘வளைவில் காட்டெருமை நிற்கிறது’ என்று ஓட்டுநர் சொன்னால், அது பயணிகளுக்குப் புதிய செய்தி. ஆங்கிலத்தில் ‘தேர் இஸ் எ பைசன் அட் தி பெண்ட்’. சற்று நேரம் கழித்து, ‘காட்டெருமை வளைவிலேயே நிற்கிறது’ என்று அவர் சொன்னால், அது முன்பே எல்லோரும் எட்டிப் பார்த்த காட்டெருமை. ஆங்கிலத்தில் ‘தி பைசன் இஸ் ஸ்டில் அட் தி பெண்ட்’. சொற்கள் ஏறக்குறைய அவையேதான். இடத்தை முதலில் வைத்து விலங்கைப் பின்னால் வைத்தால் அது புதியது. விலங்கை முதலில் வைத்தால் அது தெரிந்தது. சொற்கள் நிற்கும் வரிசையைக் கொண்டே தமிழ் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

நம் பாட்டிமார் கதை தொடங்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம். அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டியாம்.’ முதலில் ‘ஒரு’, பிறகு ‘அந்த’. ஆங்கிலத்தில் முதன்முறை ‘எ கிங்’, அடுத்த முறை ‘தி கிங்’ என்று எழுதுவதற்கான விதியை எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. ஆங்கில ‘ஆன்’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயராக இருந்த சொல்தான். ‘தி’ என்பது அம்மொழியின் பழைய சுட்டுச்சொல்லிலிருந்து தேய்ந்து வந்ததுதான்.

இந்தச் சோதனை எங்கே கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதரைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் ‘ஐ’ எப்போதும் வரும். ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்பதில் அந்த உருபு எதையும் உணர்த்தவில்லை. அங்கே, கேட்பவர் ‘எந்த டாக்டர்?’ என்று கேட்பாரா என்று எண்ணிப் பாருங்கள். கேட்பார் என்றால் ‘எ’, கேட்கமாட்டார் என்றால் ‘தி’. அதுபோல ஒரு பொருளைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போதும் ‘ஐ’ வரும். ‘ஜவ்வரிசியை மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுக்கிறார்கள்’ என்று நம் ஊரில் யாரும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது ‘சாகோ இஸ் மேட் ஃப்ரம் டாபியோகா’ என்று ஆர்ட்டிகிள் எதுவும் இல்லாமல் நிற்கும்.

இன்னும் ஒன்று உண்டு. விதிகளுக்கெல்லாம் அடியில் இருப்பது அதுதான் என்று நான் கருதுகிறேன். ஏற்காட்டில் நான் பணியாற்றிய காலத்தில், எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, ‘யெஸ்டர்டே ஐ சா தி பைசன் நியர் அவர் ஹவுஸ்’ என்று கட்டுரையைத் தொடங்கியிருந்தாள். நான் ‘தி’ என்பதை அடித்து, சிவப்பு மையில் ‘எ’ என்று எழுதினேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, “சார், அது தினமும் வர்ற மாடு. எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும்” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் வீட்டார் அனைவருக்கும் அது இன்ன மாடு என்று தெரியும். ஆனால் கட்டுரையைப் படிக்கப்போகிறவர் அந்த லைனில் குடியிருப்பவர் அல்லர். “உனக்குத் தெரியும் அம்மா, எனக்குத் தெரியாதே” என்று சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, ‘எ பைசன் கம்ஸ் டு அவர் லைன் எவ்ரி ஈவினிங்’ என்று ஒரு வரியை முன்னால் சேர்த்து, பழைய வரியில் நான் அடித்த ‘தி’யைத் திரும்ப எழுதிக்கொண்டு வந்தாள். அது முற்றிலும் சரி. எழுதுபவருக்குத் தெரிந்திருப்பது போதாது, படிப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் சொல்லத் தவறியதில்லை. அந்தச் சிவப்பு மையை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தால், அவள் ‘பைசன் என்றால் எ’ என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருப்பாள்.

மூன்று புத்தகங்களையும் சில நாள்களுக்கு மூடி வையுங்கள். நீங்கள் எழுதிய நான்கு வரிகளையும் இப்படித் தமிழில் சொல்லிப் பார்த்துத் திருத்துங்கள். விதிகளைப் பிறகு படித்தால், அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

கேள்வி: ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் சிறு விடுதி நடத்துகிறோம். காபி எண்ண முடியாத பொருள், அதற்கு ‘எ’ போடக்கூடாது என்று என் மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் விருந்தினர் அனைவரும் ‘எ காபி ப்ளீஸ்’ என்றுதான் கேட்கிறார்கள். எது சரி? (வாசகர், ஏற்காடு)

இரண்டும் சரியே. காபித் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதால், அந்தத் தோட்டத்திலிருந்தே பார்ப்போம்.

செடியில் பழுத்து, களத்தில் காய்ந்து, மூட்டையில் நிறைந்திருக்கிற காபியைப் பொதுவாகச் சொல்லும்போது ஆர்ட்டிகிள் வேண்டாம்: ‘காபி க்ரோஸ் இன் தி ஷெவராய் ஹில்ஸ்’. உங்கள் அடுப்படியிலிருந்து கோப்பையில் ஊற்றப்பட்டு மேசைக்கு வந்துவிட்டால் அதை எண்ண முடியும். ஒரு காபி, இரண்டு காபி என்று நாமும் எண்ணுகிறோம். ஆகவே ‘எ காபி’, ‘டூ காபீஸ்’ என்பதில் குற்றமில்லை. விருந்தினர் மறுநாள் காலையில், ‘தி காபி யூ கேவ் மீ யெஸ்டர்டே வாஸ் எக்ஸலண்ட்’ என்று சொன்னால், அவர் குறிப்பிடுவது நேற்று நீங்கள் கொடுத்த அந்தக் காபியை மட்டுமே; பின்னால் வரும் சொற்கள் அதை இன்னதென்று வரையறுத்துவிட்டதால் ‘தி’ வந்தது. பொருள் ஒன்றுதான். அதைப் பேசுபவர் எப்படி மனத்தில் கொள்கிறார் என்பதைப் பொறுத்து ஆர்ட்டிகிள் மாறுகிறது.

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். இதை ஆங்கிலத்தில் உங்கள் மகளை எழுதச் சொல்லுங்கள்: ‘காக்பர்ன் ப்ராட் காபி டு தி ஷெவராய்ஸ் இன் தி எய்ட்டீன் ட்வென்டீஸ்’. ஆளின் பெயருக்கு ஒன்றுமில்லை, காபிக்கு ஒன்றுமில்லை, மலைத்தொடருக்கு ‘தி’, பத்தாண்டுக் காலத்துக்கு ‘தி’. இந்த ஒரு வாக்கியத்தை அவள் காரணத்தோடு புரிந்துகொண்டால், பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் புரிந்துகொண்டதற்குச் சமம்.

எந்த நிலையிலும் ‘எ’ ஏற்காத சில சொற்களையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவை நம் ஊர் அறிவிப்புப் பலகைகளில் அடிக்கடி ‘ஆன் இன்ஃபர்மேஷன்’ என்றும் ‘லக்கேஜஸ்’ என்றும் தவறாக வருகின்றன. விருந்தினரின் பெட்டி ஒன்றை எடுத்து வரச் சொல்ல வேண்டுமானால் ‘எ பேக்’ எனலாம். ‘எ லக்கேஜ்’ எனலாகாது.

கேள்வி: ஊர், மலை, ஆறு, ஏரி ஆகியவற்றின் பெயர்களுக்கு எப்போது ‘தி’ வரும்? (பிளஸ் டூ மாணவர், ஓமலூர்)

தம்பி, இதில் மட்டும் நீங்கள் ஓரளவு மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். சேலம், ஓமலூர், ஏற்காடு என்னும் ஊர்ப்பெயர்களுக்கு எதுவும் வேண்டாம். கூட்டமாக நிற்கும் மலைகளுக்கு ‘தி’ உண்டு: தி ஷெவராய் ஹில்ஸ், தி ஈஸ்டர்ன் காட்ஸ். தனி மலைக்கு இல்லை: கஞ்சமலை, எவரெஸ்ட். ஆறுகளுக்கு உண்டு: தி காவேரி, தி திருமணிமுத்தாறு. தனி ஏரிக்கு இல்லை: ஏற்காடு லேக். ரயில் நிலையத்துக்கு இல்லை, ஆனால் ரயிலுக்கு உண்டு. ஆகவே ‘ஐ காட் தி ஏற்காடு எக்ஸ்பிரஸ் அட் சேலம் ஜங்ஷன்’ என்று எழுத வேண்டும்.

நாடுகளில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் போன்றவை தனித்தே நிற்கும். பெயருக்குள் ஸ்டேட்ஸ், கிங்டம், ரிபப்ளிக், எமிரேட்ஸ் போன்ற பொதுச்சொல் இருந்தாலோ, பெயரே பன்மையாக இருந்தாலோ ‘தி’ சேரும்: தி யுனைடெட் ஸ்டேட்ஸ், தி நெதர்லாண்ட்ஸ், தி ஃபிலிப்பீன்ஸ். மலைத்தொடருக்கு ‘தி’ வருவதற்கும் இதுதான் காரணம். பலவற்றைச் சேர்த்துக் கட்டி ஒரே பெயர் வைக்கும்போது ஆங்கிலம் ‘தி’ என்னும் கயிற்றைப் பயன்படுத்துகிறது.

கேள்வி: ‘எம்.எல்.ஏ.’ என்பதன் முதல் எழுத்து மெய்யெழுத்து. அப்படியிருக்க ‘ஆன் எம்.எல்.ஏ.’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது ஏன்? (வாசகர், சங்ககிரி)

ஆங்கிலம் இங்கே எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைப் பார்க்கிறது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘எ’ என்னும் உயிரில் தொடங்குகிறது அல்லவா? உயிரொலிக்கு முன் ‘ஆன்’. எஃப்.ஐ.ஆர்., எல்.ஐ.சி. முகவர், என்.சி.சி. மாணவர், எஸ்.ஐ., ஆர்.டி.ஓ. ஆகிய அனைத்துக்கும் அதுவே. மாறாக ‘யுனிவர்சிட்டி’, ‘யூரோப்பியன்’, ‘யு.பி.எஸ்.சி.’ ஆகியவை ஆங்கிலத்தில் உயிரெழுத்தைக் கொண்டு எழுதப்பட்டாலும் ஒலியில் யகரத்தோடு தொடங்குவதால் ‘எ’ பெறும். மணியைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்து ஒலிக்காது என்பதால் ‘ஆன் அவர்’ என்பதே சரி. ‘ஒரு’, ‘ஓர்’ என்னும் நம் வேறுபாடும் இதே இயல்புடையதே: ஒரு மலை, ஓர் ஏரி.

நம் நாக்கு நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. எகரத்தில் தொடங்கும் சொற்களைப் பேச்சில் நாம் யகரம் கலந்து ஒலிப்பது வழக்கம்; எலியை ‘யெலி’ என்கிறோம், எக்ஸாமை ‘யெக்ஸாம்’ என்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘எ யெக்ஸாம்’ என்பது நம் காதுக்கு இயல்பாகவே படுகிறது. ஆங்கிலேயர் ஒலிப்பில் அந்த யகரம் இல்லை, ஆகவே ‘ஆன் எக்ஸாம்’. இதற்கு நேர்மாறாக, ஒன்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நாம் ‘ஒன்’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அதன் உண்மையான ஒலி ‘வன்’ என்பதற்கு அருகில் இருப்பதால், ஒரு ரூபாய் நாணயம் ‘எ ஒன்-ருப்பி காயின்’ ஆகும். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கும் உத்தி நல்லதுதான், ஆனால் ஒலிப்பைச் சரியாகக் கேட்டுவிட்டுப் பிறகு எழுத வேண்டும்.

கேள்வி: வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, சில டிசைன்கள் தயாராக இருக்கின்றன என்னும் பொருளில் ‘ஃபியூ டிசைன்ஸ் ஆர் ரெடி’ என்று எழுதினேன். அவர், ‘மிகவும் வருந்துகிறேன், நிறைய தயாரானதும் சொல்லுங்கள்’ என்று பதில் அனுப்பிவிட்டார். நான் எழுதியதில் என்ன தவறு? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

ஓர் ‘எ’ விட்டுப்போய்விட்டது, ஐயா. ஆர்ட்டிகிள் பொருளையே தலைகீழாக மாற்றிவிடும் இடங்களில் இது முதன்மையானது.

‘எ ஃபியூ டிசைன்ஸ் ஆர் ரெடி’ என்றால், சில டிசைன்கள் தயாராக இருக்கின்றன, பார்க்கலாம் என்று பொருள். ‘ஃபியூ டிசைன்ஸ் ஆர் ரெடி’ என்றால், தயாராக இருப்பவை மிகச் சிலவே, இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். தமிழில் ‘சில இருக்கின்றன’ என்பதற்கும் ‘சிலதான் இருக்கின்றன’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. நாம் ‘தான்’ என்பதைச் சேர்த்துக் குறையைக் காட்டுகிறோம். ஆங்கிலம் ‘எ’ என்பதை எடுத்துவிட்டுக் குறையைக் காட்டுகிறது. கூட்டுவதும் குறைப்பதும் எதிரெதிராக இருப்பதால்தான் தமிழர்களுக்கு இங்கே தடுமாற்றம் ஏற்படுகிறது. உங்கள் வாடிக்கையாளர், நீங்கள் எழுதியதை எழுதியபடியே புரிந்துகொண்டிருக்கிறார்.

எண்ண முடியாதவற்றுக்கு ‘லிட்டில்’ என்பதும் இப்படியே நடக்கும். பட்டறையில் மெருகு போடுவது தாமதமாகி, சரக்கு இரண்டு நாள் பிந்தும் என்று தெரிவிக்க ‘தேர் வில் பி எ லிட்டில் டிலே’ என்று எழுத வேண்டும். ‘எ’ இல்லாமல் எழுதினால், தாமதம் என்று சொல்லும்படி ஏதும் இராது என்று நீங்கள் உறுதி கொடுத்ததாகிவிடும். சரக்கு பிந்தும்போது உங்கள் வாக்கின் மீது குறை வரும். அடுத்த கடிதத்தை அனுப்பும் முன், ‘ஃபியூ’, ‘லிட்டில்’ என்னும் இரண்டு சொற்களையும் தேடி, முன்னால் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். இப்போதைக்கு அவருக்கு ‘வி டூ ஹேவ் எ ஃபியூ டிசைன்ஸ் ரெடி’ என்று எழுதி, படங்களையும் இணைத்து அனுப்பினால் போதுமானது.

கேள்வி: பதவிப் பெயர்களுக்கு முன்னால் ‘தி’ வருமா? சங்கக் கூட்ட அறிக்கை எழுதும்போது ஒவ்வொரு முறையும் குழப்பம் வருகிறது. (வாசகர், ஆத்தூர்)

ஒரே ஒருவர் வகிக்கும் பதவிக்கு ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார், நியமிக்கப்பட்டார், ஆனார் என்று சொல்லும் இடத்தில் ஆர்ட்டிகிள் இல்லாமல் எழுதுவது நன்று. நம் ஊர் வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்டுச் சொல்லலாம். ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார்: ‘ராஜாஜி பிகேம் சேர்மன் ஆஃப் தி சேலம் முனிசிபாலிட்டி’. 1948-ல் கவர்னர் ஜெனரலானார்: ‘ஹி பிகேம் கவர்னர்-ஜெனரல் ஆஃப் இந்தியா’. ஆனால் கடைசி, முதல், ஒரே என்பன போன்ற சொற்கள் முன்னால் வந்தால் ‘தி’ கட்டாயமாகும்: ‘ஹி வாஸ் தி லாஸ்ட் கவர்னர்-ஜெனரல் ஆஃப் இந்தியா’. கடைசியாக இருந்தவர் ஒருவராகத்தானே இருக்க முடியும்?

உங்கள் அறிக்கையில் இதைவிடக் கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. ‘தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்’ என்று ஒரே ‘தி’ போட்டால், செயலாளரும் பொருளாளரும் ஒருவரே என்று பொருள்படும். இருவரும் வெவ்வேறு ஆள் என்றால், ‘தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர்’ என்று இருமுறை எழுதுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமை பற்றிய தீர்மானத்தில் இந்த ஒரு சொல் விடுபட்டால், எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும் என்பதே சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

கேள்வி: ஆங்கிலச் செய்தித்தாளின் தலைப்புகளைத் தினமும் படித்து ஆங்கிலம் கற்கிறேன். அவற்றில் ஆர்ட்டிகிள்கள் காணப்படுவதே இல்லையே? (வாசகி, மேட்டூர்)

இடம் போதாமையால் தலைப்புகளில் அவற்றை நீக்கிவிடுவார்கள். ‘மேன் ஹெல்ட் ஃபார் தெஃப்ட்’ என்பது தலைப்புக்குப் பொருந்தும், கடிதத்துக்குப் பொருந்தாது. தலைப்பைப் படித்துவிட்டு, அதன் கீழே உள்ள முதல் பத்தியை ஒரு முறைக்கு இருமுறை படியுங்கள். தலைப்பில் விடப்பட்ட ஆர்ட்டிகிள்கள் பத்தியில் எங்கே திரும்ப வருகின்றன என்று பென்சிலால் வட்டமிட்டு வந்தால், அதுவே மிகச் சிறந்த பயிற்சி.

கேள்வி: என் மாணவர்கள் தமிழ்க் கட்டுரைகளில் ‘நான் ஒரு மாணவன்’, ‘காந்தி ஒரு தலைவர்’, ‘சேலம் ஒரு மாவட்டம்’ என்று எங்கும் ‘ஒரு’ போடுகிறார்கள். இது ஆங்கிலத்தின் தாக்கமா? (தமிழாசிரியர், வாழப்பாடி)

ஆம் என்றே சொல்வேன், ஐயா. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் எ ஸ்டூடண்ட்’ என்பதில் ‘எ’ இல்லாவிட்டால் வாக்கியம் பிழையாகிவிடும். தமிழில் ‘நான் மாணவன்’ என்பதே முழுமையான வாக்கியம். அதில் ‘ஒரு’ என்பதற்கு வேலையே இல்லை. மொழிபெயர்ப்புப் பாடநூல்களின் வழியே இது மாணவர்களின் கைக்கு வந்து, இப்போது அவர்களுக்கு இயல்பாகவே தோன்றத் தொடங்கிவிட்டது. எல்லா ‘ஒரு’வையும் நீக்கிவிடவும் கூடாது. ‘அவர் ஒரு மேதை’ என்பதில் வியப்பு இருக்கிறது, ‘இதெல்லாம் ஒரு காரணமா?’ என்பதில் இகழ்ச்சி இருக்கிறது. அவை தமிழுக்கே உரிய ‘ஒரு’.

ஆங்கில வகுப்பில் பதின்மரில் எண்மர் ‘ஐ ஆம் ஸ்டூடண்ட்’ என்று ‘எ’யை விட்டுவிடுகிறார்கள், அதே பிள்ளைகள் தமிழ் வகுப்பில் ‘நான் ஒரு மாணவன்’ என்று ‘ஒரு’வைச் சேர்க்கிறார்கள். இரு வகுப்புகளிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இது எனக்குப் பெருங்கவலை தருகிறது. நீங்களும் உங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியரும் ஒரு நாள் ஒரே வகுப்பறையில் சேர்ந்து நின்று, கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதிக் காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சொல் தேவைப்படுவதையும் மறுபக்கம் அது தேவைப்படாததையும் அவர்கள் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள்.

கேள்வி: என் மாமியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார். மகனுக்காக நான் எழுதிய விடுப்புக் கடிதத்தில், ‘ஹிஸ் கிராண்ட்மதர் இஸ் இன் தி ஹாஸ்பிடல்’ என்று இருந்ததை அவனுடைய ஆசிரியை ‘இன் ஹாஸ்பிடல்’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். ‘கோயிலுக்குப் போனோம்’ என்பதற்கும் இப்படித்தான் எழுத வேண்டுமா? (வாசகி, கொண்டலாம்பட்டி)

உங்கள் மாமியார் விரைவில் நலம் பெற வேண்டும், அம்மா. நீங்கள் எழுதியது பிழையன்று. அமெரிக்கர்கள் அப்படியே எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் வழக்கில், நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருப்பவரை ‘இன் ஹாஸ்பிடல்’ என்பார்கள். அவரைப் பார்க்கப் போன நீங்கள் ‘அட் தி ஹாஸ்பிடல்’ இருக்கிறீர்கள். நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் ஆசிரியை திருத்தியிருக்கிறார். ஸ்கூல், கோர்ட், ப்ரிஸன், சர்ச் ஆகியவையும் இப்படியே. அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே ஒருவர் அங்கே இருந்தால் ஆர்ட்டிகிள் விழுந்துவிடும். உங்கள் மகன் படிக்கப் போகும்போது ‘கோஸ் டு ஸ்கூல்’; கட்டணம் செலுத்த நீங்கள் போகும்போது ‘கோ டு தி ஸ்கூல்’.

கோயிலுக்கு இந்தச் சலுகையை ஆங்கிலம் பொதுவாகத் தருவதில்லை. வழிபடத்தான் போகிறோம் என்றாலும் ‘வி வென்ட் டு தி டெம்பிள்’ என்றே எழுத வேண்டும். ஆடித் திருவிழாவுக்குப் போனதைச் சொல்ல வேண்டுமானால் ‘வி வென்ட் டு தி கோட்டை மாரியம்மன் டெம்பிள்’. கடிதத்தில் காய்ச்சலைக் குறிப்பிட்டிருந்தால் ‘ஷி ஹாஸ் எ ஃபீவர்’ என்று ‘எ’ சேருங்கள். தலைவலிக்கும் சளிக்கும் அவ்வாறே. சர்க்கரை நோய்க்கும் மலேரியாவுக்கும் எதுவும் சேர்க்க வேண்டாம்.